ஏற்புரைக்கு எழும்பப் போகும் பிள்ளைகளுக்கு

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் பக்கத்து நூலகங்களில் வாசிப்பு மாத வேலைகள் தொடங்கிவிடும். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை ஏதாவதொரு மண்டபத்தில் நூல் வெளியீடோ, புத்தகக் கண்காட்சியோ, எழுத்தாளர் சந்திப்போ நடக்கும். இப்போது அந்த மேடைகளில் ஏறும் இளம் ஆட்கள் பலர் ஊர் வரலாறு, குடி வழமை, நெசவு, கடற்றொழில், நாட்டார் கவி, சுனாமிக்குப் பிந்திய வாழ்க்கை என்று உண்மையான ஆட்களையும் இடங்களையும் எழுதுகிறவர்கள். எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

கவிஞருக்கு மேடை பழகிய இடம். கவிதையை வாசித்தால் நூலையே வாசித்த மாதிரி. இருநூறு பக்கத்தில் ஊர் வரலாறு எழுதியவர் எதை வாசிப்பது? அவர் எல்லாருக்கும் நன்றி சொல்கிறார், அச்சகத்துக்கு அலைந்த கஷ்டத்தைச் சொல்கிறார், இறங்கிவிடுகிறார். நூலுக்குள் என்ன இருக்கிறதென்று கேட்க வந்த சபை அதைக் கேட்காமலே வீடு போகிறது. ஆய்வுப் பேச்சை இருந்து கேட்பது எங்கள் ஊர்களுக்குப் புதிதான பழக்கமில்லை. 1966இல் மருதமுனையில், தறிச் சத்தம் கேட்கும் ஊரில், இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று ஒரு மாநாடே கூட்டினார்கள். கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சொல்லும் விதத்தைத்தான் நீங்கள் பழக வேண்டும். பல வருடம் மண்டபங்களில் கதிரை அடுக்கியும், தலைமை வகித்தும், பின்வரிசையில் இருந்து கேட்டும் நான் அறிந்ததை எழுதி வைக்கிறேன்.

1. முன்னால் இருப்பது யாரென்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

நாவல் எழுதியவரிடம், "இது இப்படி நடக்கல்ல" என்று சபையில் யாரும் எழும்பிச் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். நிந்தவூர் வட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தால், வட்டைவிதானையாக இருந்தவரின் மகன் மூன்றாவது வரிசையில் இருப்பார். கரைவலையைப் பற்றி எழுதியிருந்தால், வலை இழுத்துக் காய்ப்பேறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு விசயம் தந்தவர்கள்தான் இங்கே உங்கள் சபை.

செப்டெம்பரில் கொழும்பில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் பேசுவதென்றால் பேச்சு வேறு. அங்கே கரைவாகு என்றால் எங்கே என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதே பேச்சை இங்கே பேசினால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். ஊர்ச் சபைக்கு மூன்று விசயம் தெரிய வேண்டியிருக்கிறது: எங்களிடம் கேட்டு எடுத்ததை வைத்து நீ புதிதாக என்ன கண்டாய், யார் சொன்னதை நம்பினாய், யாரை விட்டுவிட்டாய். இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிடம் வாங்கியதற்கு ஊரிடமே கணக்குக் காட்டும் பேச்சு இது. கீழே நான் சொல்லும் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

2. உங்கள் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

எங்கள் விழாவின் ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும். அழைப்பிதழில் அஸருக்குப் பிறகு நாலரை மணி என்று இருக்கும். கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, நூல் அறிமுகம், நயவுரை. அதன் பிறகு முதற்பிரதி. அதைப் பெறுபவர் வரப் பிந்துவார். சிறப்புப் பிரதிக்குப் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, படத்துக்கு நின்று, இறங்குவார்கள். அதிதிகள் உரை, பொன்னாடை என்று போய்க்கொண்டிருக்கும்போது ஆறு மணியை ஒட்டி மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடும். தொழப் போன சபையில் பாதி திரும்பி வராது. பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு, ரோல்ஸ் பெட்டிகள் கதிரைகளில் கிடக்க, நூலை எழுதியவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வருகிறார். நாலைந்து வருடம் உழைத்த நூலைப் பற்றி ஒருவர் வெறுங்கதிரைகளிடம் பேசுவதைப் பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது.

இந்த ஒழுங்கை மாற்றலாம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் ஏற்பாட்டாளரிடம் போய்ப் பேசுங்கள். நயவுரைக்கு முன்னால் "நூலாசிரியர் உரை" பன்னிரண்டு நிமிடம், கடைசியில் வழமைப்படி ஏற்புரை மூன்று நிமிடம். இது அழைப்பிதழில் வரியாக அச்சாக வேண்டும். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டது மேடையில் மறந்துபோகும். நூலாசிரியர் முதலில் பேசினால் நயவுரைக்காரருக்கும் நல்லது. அவர் நூற்சுருக்கம் சொல்லி நேரம் போக்கத் தேவையில்லை, நேரே விமர்சனத்துக்குப் போகலாம்.

நன்றிக்குரியவர்களின் பட்டியல் நூலின் முன்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. மேடையில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். தகவல் தந்தவர்களுக்கு மட்டும் அங்கே நன்றி சொல்லுங்கள்.

நாளையும் பார்த்து வையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. பெரும்போக வெட்டுக் காலத்தில் வட்டைக்காரர் ஒருவரும் மண்டபத்துக்கு வரமாட்டார். கடற்றொழிலைப் பற்றிய நூலென்றால் வெள்ளிக்கிழமை பின்நேரத்தை விடாதீர்கள், கடலுக்குப் போகிறவர்கள் அன்றைக்குத்தான் ஊரில் நிற்பார்கள்.

3. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துப் பேசுங்கள்.

நூலின் எல்லா அத்தியாயத்தையும் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லப் போனால் ஒன்றும் நிற்காது. மருதமுனை நெசவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். "நெசவுத் தொழில் பன்னெடுங்காலமாக" என்று தொடங்கினால் சபை கைபேசியை எடுக்கும். ஒரு வீட்டுக்குள் எப்படித் தறி நின்றது என்ற ஒரே கேள்வியை எடுங்கள். 1977இல் நாட்டுப் பொருளாதாரம் திறக்கப்பட்டது, வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியது. நூல் என்ன விலைக்கு வந்தது, ஒரு சாரன் நெய்ய எவ்வளவு நேரம் போனது, அதை விற்றால் கையில் என்ன மிஞ்சியது, அந்த வீட்டுப் பிள்ளை ஏன் பாவு ஓட்டப் பழகவில்லை. நீங்கள் தேடிக் கண்ட கணக்கைப் படிப்படியாகச் சொல்லுங்கள். எங்கே தேடினீர்கள், எந்தக் கொப்பியில் அது கிடைத்தது, முதலில் நினைத்ததற்கும் கடைசியில் கண்டதற்கும் என்ன வித்தியாசம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு தறியின் கதையை முழுதாகக் கேட்டவர் மற்றத் தறிகளின் கதைக்கு நூலை வாங்குவார்.

4. பொருளைக் கொண்டு வந்து காட்டுங்கள்.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன பழந்தமிழர் யாழைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். கணக்கும் இசையும் இலக்கியமும் கலந்த, இலேசில் விளங்காத நூல் அது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. 1947 ஜூனில் தஞ்சைப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். அவருடைய ஆராய்ச்சிப்படி செய்த யாழ்களை அந்தச் சபையில் வைத்து வாசித்துக் காட்டினார்கள். சுரங்களின் அளவுக் கணக்கு அங்கே இருந்த எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? ஆனால் நரம்பு ஒலித்ததைக் காதுள்ள எல்லாரும் கேட்டார்கள். அப்போது சுவாமியின் உடம்பு நன்றாகத் தளர்ந்திருந்தது. அடுத்த மாதம் ஜூலை 19இல் அவர் மறைந்தார். தன் ஆராய்ச்சி ஒலியாவதைக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

உங்களால் யாழ் செய்விக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் நெசவைப் பற்றிப் பேசினால் நாடா ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பன்பாயைப் பற்றி என்றால் பாதி இழைத்த பாயைக் கொண்டு வரலாம். காணி வரலாறு என்றால் பழைய உறுதி ஒன்றைப் பெரிதாக்கிப் போட்டோக் கொப்பி எடுத்துச் சுவரில் ஒட்டலாம். எங்கள் மூத்தும்மாமார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அதன் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி, அரபு எழுத்தில் இருக்கும் தமிழை விரலால் தொட்டு எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினால், பாடசாலைப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்பார்கள்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, அரபு எழுத்துள்ள ஒரு தாள் வீட்டில் இருந்தாலே பயந்து நடுங்கிய நாட்கள் எங்கள் ஊர்களில் இருந்தன. அந்தப் பயத்திலிருந்து தப்பியவற்றை வெளிச்சத்தில், ஊர் பார்க்க வைப்பது இப்போது எழுதுகிறவர்களின் கடமை. ஒன்று மட்டும் கவனம்: மூலத்தைச் சபைக்குள் கை மாற விடாதீர்கள். பிரதியைக் கொடுங்கள், மூலம் உங்கள் பைக்குள் இருக்கட்டும்.

5. வருடத்தை ஊர்க் கணக்கில் சொல்லுங்கள்.

நூலில் 1957, 1978, 2004 என்று இருக்கட்டும். மேடையில் "பெருவெள்ளத்துக்கு முதல்", "சூறாவளி அடித்த வருசம்", "சுனாமிக்குப் பிறகு" என்று சொல்லுங்கள். காலத்தை மனிதர்கள் இங்கே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வயதானவர் ஒருவர் அந்தச் சொல்லைக் கேட்டதும், தான் அப்போது எங்கே நின்றார் என்று நினைத்துப் பார்ப்பார். அவருடைய ஞாபகம் திறந்த பிறகு நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் தன்னுடையதோடு ஒப்பிட்டுக் கேட்பார். கல்லோயாத் திட்டத்துக்கு முன் நீர் எப்படி வந்தது, பின் எப்படி வந்தது என்று பேசுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும்.

6. யார் சொன்னார்கள் என்பதைச் சபையில் சொல்லுங்கள். பெண்களை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்து நாட்டார் கவிகளைத் தொகுத்துக் காப்பாற்றிய பெரியவர்கள் இருக்கிறார்கள். சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல் 'கிராமத்து இதயம்' தொகுத்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் சட்டத்தரணித் தொழிலோடு கிராமம் கிராமமாகப் போய்க் கவியும் கதையும் சேர்த்தார். அவர்கள் செய்யாவிட்டால் இன்றைக்கு அந்தக் கவிகளில் பெரும்பங்கு நம்மிடம் இல்லை. நீங்கள் அந்த வழியில் போகிறவர்கள். ஒரு படி கூட ஏறுங்கள்.

கவியும் தாலாட்டும் மருத்துவிச்சி வைத்தியமும் வீட்டுக்குள் இருந்த பெண்களிடம்தான் அதிகம் இருந்தன. நூலில் அவர்கள் "தாய்மார் சிலர்" என்று ஒரு வரியில் போய்விடுகிறார்கள். விழாவில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பின்வரிசையில் இருப்பார்கள், பலருக்கு அழைப்பே போயிருக்காது. நூலுக்குக் கவி சொன்ன உம்மா ஒருவர் வெளியீட்டு நாளில் வீட்டில் இருந்து ஒலிபெருக்கிச் சத்தத்தை மட்டும் கேட்டார் என்பதை அறிந்து எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. உங்களுக்குக் கவி சொன்னவருக்கு நீங்களே வீட்டுக்குப் போய் அழைப்பைக் கொடுங்கள். ஓட்டோ பிடித்து அனுப்புங்கள். பெண்கள் பக்கத்தில் முன்கதிரை ஒன்றை அவருக்கென்று வையுங்கள். முதற்பிரதியை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் ஏற்பாட்டாளரின் விருப்பம், இரண்டாவது பிரதியை அவர் கையில் கொடுங்கள்.

பெயரைச் சொல்லுமுன் கேளுங்கள். வயற்கவி சொன்னவர் தன் பெயர் சொல்லப்படுவதை விரும்புவார். காதல் கவி சொன்ன மூத்தும்மா, "என்ட பேரப் போட்டுராதங்க மகன், பேரப்புள்ளைகள் இருக்காங்க" என்பார். அது அவருடைய உரிமை. அப்படியானால் ஊரையும் ஏறக்குறைய வயதையும் மட்டும் சொல்லுங்கள். ஒப்புதல் நூலுக்கு ஒருமுறை, மேடைக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை வேண்டும். தாளில் பெயர் வருவதற்குச் சம்மதித்தவர் ஒலிபெருக்கியில் வருவதற்குச் சம்மதிக்காமல் இருக்கலாம்.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி பெண்கள் பக்கம் போகிறதா என்று பாருங்கள். கம்பி எட்டாது என்று யாராவது சொன்னால் நீங்களே கேள்வியைத் தாளில் வாங்கி வாசியுங்கள். தங்கச்சிமாரே, நூலாசிரியராக மேடையில் இருப்பது நீங்களென்றால், உங்கள் நூலைப் பற்றி உங்கள் பேராசிரியரோ வாப்பாவோ பேச, நீங்கள் சலாம் சொல்லி இறங்கும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நூலைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்.

7. எழும்பித் திருத்துகிறவரை நன்றாகக் கையாளப் பழகுங்கள்.

"அது அப்படி இல்ல, மகன்" என்று ஒருவர் எழும்பாத ஊர் வரலாற்று விழாவை நான் கண்டதில்லை. எந்தக் குடி முதலில் வந்தது, பள்ளிக்குக் காணி கொடுத்தது யார், எந்தக் குடிக்கு மரைக்கார் உரிமை, எந்த ஊரின் எல்லை எது வரை. இங்கே இவை இன்னும் உயிரோடு இருக்கும் கேள்விகள். ஏ.ஆர்.எம். சலீம் 1990இல் அக்கரைப்பற்று வரலாற்றை நூலாகக் கொண்டு வந்தார். இன்றைக்கும் அந்த ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்த நூலை வைத்துத்தான் ஒத்துப்போகவோ மறுக்கவோ செய்கிறோம். மறுத்துப் பேச அடிப்படை தருவதும் நூலின் வேலைதான் என்பதை மனதில் வையுங்கள், கோபம் வராது.

எழும்புகிறவர் மூன்று வகை. ஒருவர் தகவலைத் திருத்துகிறார்: "அந்தப் பாலம் எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முதலே இருந்தது." இது பொன். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு அங்கேயே கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் எழுதுவதைச் சபை பார்க்கட்டும். இன்னொருவருக்கு வேறு ஞாபகம் இருக்கிறது: அவருடைய வாப்பா வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார். அவரோடு தர்க்கிக்க வேண்டாம். "உங்கட வாப்பா சொன்னதையும் பதியணும், எப்ப வரலாம்?" என்று கேளுங்கள். இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வரலாறு ஒன்றை மட்டும் சொல்லும் வரலாற்றை விட நம்பத்தக்கது. மூன்றாமவருக்குக் குடும்ப மானம் பிரச்சினை. தன் அப்பாவைப் பற்றி எழுதியது அவருக்குச் சுட்டிருக்கிறது. அவருக்குச் சபையில் பதில் சொல்லி வெல்லக் கூடாது. சான்று இருக்கிறது என்றால், இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய், அந்தச் சான்றை வைத்துப் பேசுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. சான்று உறுதியாக இருந்தால், அழுத்தத்துக்காக எழுதியதை வாபஸ் வாங்க வேண்டாம். பிழை என்று தெரிந்தால் சபையிலேயே ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

வாசலில், நூல் விற்கும் மேசையில், ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கள். மேலே பெரிதாக "திருத்தங்கள், சேர்க்கைகள்" என்று எழுதுங்கள். சபையில் எழும்பிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் அங்கே எழுதுவார்கள். இரண்டாம் பதிப்புக்கு அந்தக் கொப்பிதான் மூலதனம்.

8. மௌத்தைப் பற்றியும் யுத்தத்தைப் பற்றியும் பேசும்போது.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று எந்த மண்டபத்தில் நீங்கள் பேசினாலும் பிள்ளையை, உம்மாவை, அம்மாவை இழந்தவர் முன்னால் இருப்பார். அந்த நாளைப் பற்றி எழுதியிருந்தால் உடல்களை விவரிக்கும் பக்கத்தை மேடையில் வாசிக்காதீர்கள். எதைப் பேசப் போகிறீர்கள் என்று தொடங்கும்போதே சொல்லுங்கள், வெளியே போக விரும்புகிறவர் போகட்டும். சம்பந்தப்பட்ட குடும்பத்துக்குத் தெரியாமல் படத்தைத் திரையில் போடாதீர்கள். என்ன பேசலாம்? வீடு கட்டிய கணக்கு, அறுபத்தைந்து மீட்டர் எல்லைக்குள் கட்டக் கூடாது என்று அப்போது வந்த விதி, கரையை விட்டுப் போனவர்கள் தொழிலுக்கு எப்படி வந்து போனார்கள். இவற்றைக் கேட்க ஊருக்கு உரிமையும் தேவையும் இருக்கிறது.

யுத்த காலத்தைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். இந்தக் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி இருக்கின்றன. ஒரு வேலி, ஒரு பாதைதான் இடையில். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இரு பக்கமும் செத்தவர்கள் உண்டு, இரு பக்கமும் அயலவரை ஒளித்துக் காப்பாற்றியவர்களும் உண்டு. காரைதீவு மண்டபத்தில் சொல்ல முடியாத வசனத்தைச் சாய்ந்தமருது மண்டபத்திலும் சொல்லாதீர்கள். எழுதும்போதே அப்படி எழுதியிருந்தால் பேசும்போது சிரமம் இராது. உண்மையை மெலிதாக்கச் சொல்லவில்லை. எந்த ஊரார் என்று பொதுவில் பழி சொல்லாமல், எந்த நாள், எந்த இடம், யார் கண்டது என்று சொல்லுங்கள். முடிந்தால் மற்ற ஊரிலிருந்து ஒருவரை நயவுரைக்கு அழையுங்கள். தமிழரான நீலாவணன், முஸ்லிமான நுஃமான் என்ற இரு கவிஞர்களும் ஒரே இலக்கிய வட்டத்தில் இருந்து வளர்ந்த மண் இது.

9. பேச்சுத் தமிழில் பேசுங்கள்.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதி, அதையே நூலாக்கியவர்கள் நிறையப் பேர். ஆய்வுச் சுருக்கத்தை மேடையில் வாசிக்காதீர்கள். "மேற்கொள்ளப்பட்டது", "வெளிக்கொணரப்பட்டது" என்பவை தாளில் கிடக்கட்டும். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' என்ற நூலில், இன்றைக்கு நாம் எழுதும் தமிழை வைத்தே இலக்கணம் சொல்லித் தந்தார். இலக்கணத்தையே அப்படிச் சொல்ல முடியுமென்றால் வயலையும் வலையையும் சொல்ல முடியாதா?

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இலிருந்து அக்கரைப்பற்றுக்கு வந்து, தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். அவருடைய பெரிய நூல் 2008இல் ஆங்கிலத்தில் வந்தது. அப்படிப்பட்ட நூல்களை வாசித்திருந்தால் அதில் நம் ஊரைப் பற்றி என்ன இருக்கிறது என்று சபைக்குத் தமிழில் சொல்லுங்கள். தங்கள் குடியைப் பற்றி அயல்நாட்டு நூலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிய அந்தக் குடிக்காரருக்கு ஆசை இருக்கும்.

10. தனியே பேசப் பயமென்றால் கேட்கச் சொல்லிப் பேசுங்கள்.

2007இல் தொடங்கிய காலி இலக்கிய விழாவில் பெரும்பாலும் இரண்டு கதிரை போட்டு, ஒருவர் கேட்க எழுத்தாளர் பதில் சொல்வார். நாமும் செய்யலாம், செலவில்லை. கேட்பவர் நூலை முழுதாக வாசித்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உயர்தர வகுப்பு மாணவி ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு முன் நூலைக் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் கேட்கத் தயங்குவதை அவர் கேட்பார்.

11. பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் ஒழுங்கு செய்யுங்கள்.

முந்நூறு, ஐந்நூறு பிரதி அடிக்கிறோம். செலவு கைக்காசு. முதற்பிரதிக்கும் சிறப்புப் பிரதிக்கும் வரும் கவர்களில்தான் அச்சுக் கூலி மீள்கிறது. புரவலர்கள் செய்யும் உதவிக்கு நன்றியுள்ளவர்களாக இருங்கள். ஆனால் கவர் தருபவருக்காக ஒரு பக்கத்தை மாற்றும்படி யாராவது கேட்டால், அந்தக் கவர் வேண்டாம். அரசியல்வாதியை அழைத்தால் தேர்தல் காலமா என்று பாருங்கள், நூல் விழா அவருடைய கூட்டமாக மாறிவிடும்.

வாசல் மேசையில் சில்லறை வைத்திருங்கள். மாணவருக்கு அரைவிலை என்று எழுதி ஒட்டுங்கள். வாசிக்காத உத்தியோகத்தர்களுக்கு இலவசமாகக் கொடுத்துத் தீர்க்காமல், ஐம்பது பிரதியை ஒதுக்கி ஊர்ப் பாடசாலை நூலகங்களுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

12. விழா முடிந்த கிழமைக்குள் செய்ய வேண்டியவை.

நூல் காணாமல் போவது எங்களுக்கு நன்றாகத் தெரியும். கடலோர வீடுகளில் அலுமாரி அலுமாரியாக இருந்த சஞ்சிகை, கையெழுத்துப் பிரதி, பழைய நூல் எல்லாவற்றையும் சுனாமி ஒரு காலையில் கொண்டு போனது. ஊர் நூலகத்துக்கு இரண்டு பிரதி, பக்கத்து ஊர் நூலகத்துக்கு ஒன்று, ஒலுவில் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். எல்லாம் ஒரே கரையில் இருக்க வேண்டாம், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்புங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு எழுத்தில் அனுமதி கொடுத்தால் மின்வடிவம் அங்கே இருக்கும், ரியாத்தில் வேலை செய்யும் உங்கள் மச்சானும் வாசிப்பார். என். செல்வராஜா 2002இலிருந்து 'நூல்தேட்டம்' என்று தொகுதிக்கு ஆயிரம் நூலாகப் பதிந்து வருகிறார். உங்கள் நூலின் விபரத்தை அவருக்கு அனுப்புங்கள். எஸ்.எச்.எம். ஜெமீல் 'சுவடி ஆற்றுப்படை' என்று இஸ்லாமியத் தமிழ் நூல்களைப் பட்டியலிட்டுப் பாகம் பாகமாகத் தந்ததால்தான், இருந்தது என்றே தெரியாமல் போயிருக்கக்கூடிய நூல்களின் பெயரையாவது இன்றைக்குச் சொல்கிறோம்.

விழாவில் பேசியவற்றை யாராவது கைபேசியில் பதிந்திருப்பார்கள். அன்றிரவே வாங்கி வையுங்கள், கிழமை கழிந்தால் அழிந்துவிடும். கேள்வி கேட்டவர்களின் குரல்தான் அதில் முக்கியம். பிறகு வாசல் மேசைக் கொப்பியைத் திறந்து, பெயர் எழுதியிருப்பவர்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பெடுங்கள், வயது கூடியவரிலிருந்து தொடங்கி.